பதினோரு கிலோமீட்டர்

எங்கள் மாமா லாரி ஓட்டியவர். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவர் லாரியாகத்தான் பார்த்தார். சி டிரைவ் அவருக்குக் கேபின், டி டிரைவ் பாடி. "கேபின்ல எடம் கம்மி பாப்பா, பாடில ஏத்து" என்பார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கேபின் என்பது புதிதாகப் போட்ட சின்ன, வேகமான டிஸ்க். பாடி, வேலை செய்யும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடும் பழைய ஹார்டு டிஸ்க். ஒரு வகுப்பிலும் கற்றுக்கொள்ளாத இந்த விஷயங்களை மாமாவின் பாஷையில்தான் நான் புரிந்துகொண்டேன். இன்றைக்கும் யாராவது டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொன்னால், ஓவர்லோடு என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.

மாமா அம்மாவின் தம்பி. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு டாரஸ் லாரியின் பின்னால் அவர் ஓட்டிவந்த வண்டி மோதியது. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாற்று ஓட்டுநர் அங்கேயே இறந்துபோனார். அவர் கல்வராயன் மலைக்காரர், மாமாவோடு ஆறு வருஷம் ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டியவர். ஒரு வருஷமாகியும் மாமா அவர் வீட்டுக்குப் போகவில்லை. நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் கட்டிலோடு கிடந்தார்.

அவருடைய பழைய கூட்டாளிகள்தான் போகிற ஊர்களில் ஆளுக்கொரு பாகம் தேடிப்பிடித்து, கள்ளக்குறிச்சியில் கொடுத்துக் கோத்து, அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே ஒரு ஸ்டியரிங்கும் வந்தது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அதிலேயே கைக்கு எட்டும். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றும் இருந்தது. ஏதோ வெளிநாட்டுச் சாலைகள்தான், ஆனால் மாமா அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார். "எலவனாசூர்கோட்டை வளைவு வருது, புடிச்சிக்கோ" என்று அவர் சொன்னால் நான் நிஜமாகவே கட்டிலைப் பிடித்துக்கொள்வேன்.

விளையாட்டை நடுவழியில் சேமித்து வைக்க வழி இருந்தது. தானாகவே சேமித்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. இரண்டையும் மாமா தொடமாட்டார். தானாகச் சேமிப்பதை என்னை வைத்தே நிறுத்தினார்.

"சேவ் பண்ணி வச்சா, இடிச்சாலும் திரும்ப வந்துடலாம். ரோட்ல அப்டி வர முடியுமா பாப்பா?"

ஆனால் ஒரு லோடை இறக்கப் பல நாள் ஆகும், எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். ஹைபர்நேட் என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே கேபினில் எழுதி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைந்துவிடும். அப்புறம் கரண்ட் போனாலும் கவலையில்லை, மறுநாள் நிறுத்திய இடத்திலேயே லாரி நிற்கும். பவர் பட்டனை அழுத்தினாலே அப்படி நடக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். மாமா என் தலையைத் தடவி, "நீதான் என் ஓனரம்மா" என்றார்.

அந்த முறை அவர் ஏற்றியது கண்ணாடி லோடு. அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"இத மட்டும் ஒரு கீறல் இல்லாம எறக்கிட்டேன்னா, மலையில அவங்க வூட்டுக்குப் போறேன்க்கா."

அம்மா அவருக்குப் புதுச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள்.

கீறல் இல்லாமல் வந்தது லாரி. இன்னும் பதினோரு கிலோமீட்டர் என்று திரை காட்டியபோது, மாமா ஓரம்கட்டினார். மறுநாள் திறந்தார், எஞ்சின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பட்டனை அழுத்திவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. எட்டு நாள் அந்தப் பதினோரு கிலோமீட்டர் குறையவேயில்லை. எனக்கோ எரிச்சல். பள்ளித் தோழி ஒருத்தி புது விளையாட்டு ஒன்றை பென் டிரைவில் கொடுத்திருந்தாள். பாடியில் போட்டால் அது திக்கித் திக்கி ஓடியது, கேபினில் போட இடமில்லை.

அப்பாவின் செல்லில் ஒரு வீடியோ பார்த்தேன். ஹைபர்நேட்டை எடுத்துவிட்டால் அதற்கென்று ஒதுக்கிய இடம் முழுவதும் திரும்பக் கிடைக்குமாம். திரையில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தேன். ஆறு ஜிபி காலியானது. மாமாவுக்குத் தெரியாமலிருக்க, பவர் பட்டனை ஸ்லீப்புக்கு மாற்றிவிட்டேன். அதிலும் திரை இருண்டுவிடும், விசிறி நின்றுவிடும். கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் நினைவு இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"இன்னா பாப்பா, லைட்டு கண்ணு சிமிட்டிக்கினே கீது?" என்று மாமா கேட்டார்.

"அப்டேட்டு மாமா. இனிமே அப்டித்தான்."

நான்காம் நாள் மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடிச் சத்தம் கேட்டால் அம்மா முதலில் மெயினை இறக்குவாள், அப்புறம்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பாள். ஒரு வருஷம் மோட்டார் கருகியதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். அன்றைக்கும் இறக்கியிருந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது மழை விட்டிருந்தது. மாமா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் லாரி வெறும் பாடியோடு, கிளம்பிய ஷெட்டிலேயே நின்றது.

"கரண்ட்டு போச்சா மாமா?" என்று கேட்டேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து, வெகுநேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டார். நெற்றிச் சுருக்கம் எல்லாம் போயிருந்தது. "போவட்டும் வுடு பாப்பா. வேற லோடு புடிச்சிக்கலாம்" என்று சிரித்தார்கூட. என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாதான் விடவில்லை. "லோடு போனா இன்னாடா? நீ போய்ட்டு வா."

"எறக்காம எப்டிக்கா போறது?"

அம்மா மாட்டி வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறி, இறங்கி வெகுதூரம் நடந்தோம். இறந்தவரின் மனைவி பாறையில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, எங்களுக்குப் பின்னால் இருந்த பாதையை எட்டிப் பார்த்தார்.

"அவரு வரலிங்களா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உதவி செய்வதாக நினைத்து நான் சொன்னேன்: "மாமா லோடு இன்னும் எறக்கல அத்தை. பதினோரு கிலோமீட்டர்தான் இருந்திச்சி, அதுக்குள்ள தடங்கலாயிட்டிச்சி. எறக்கிட்டு வரேன்னாரு."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "மறுபடியும் வண்டி எடுத்துட்டாரா? கால் போயிட்டிச்சின்னு சொன்னாங்களே. வூட்டுக்காரரு போனதுலேருந்து எனக்கு அவரு கவலதான். நெதானமா ஓட்டச் சொல்லும்மா. அவசரமில்ல, நாங்க எங்க போவப்போறோம்?"

அது விளையாட்டு அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. பொய் சொன்னால் சூடு போடுவேன் என்கிற அம்மா, அன்றைக்கு மட்டும் ஒரு பொய்யை ஏன் காப்பாற்றினாள் என்று பஸ் முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமாவிடம் ஓடினேன். அவர் புதிதாக ஒரு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஒப்பித்தேன். கோபமே இல்லை மாமா அவங்களுக்கு, உங்களுக்காகத்தான் கவலைப்படுறாங்க என்றேன்.

மாமா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நல்ல சேதிதானே சொன்னேன் என்று நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.