கல்லறைச் சுவரும் கட்சிக்காரரும்

தொண்ணூற்றொன்று தேர்தலில், பென்னலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தார் ஒரு கட்சிக்காரர். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். கிறிஸ்தவர் தெருமுனை வந்ததும் நெற்றி விபூதியைத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர். அப்பா சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட்; இந்தப் பக்கம் புதைத்தோம். அம்மா ஆர்.சி., போப்பின் சபை; அந்தப் பக்கம். விக்டோரியா ராணி காலத்தில், போப் வந்துவிடுவார் என்று பூச்சாண்டி காட்டியே லண்டனில் ஓட்டு வாங்கினார்களாம். அந்தச் சண்டையைக் கப்பலேற்றி வந்து எங்கள் பிணங்களுக்கு நடுவே சுவராகக் கட்டிவிட்டுப் போனான் வெள்ளைக்காரன்.

ஆர்.சி. தெருவில் சிலுவை போட்டுக்கொண்டு, சுவரை இடிப்போம் என்றார் கட்சிக்காரர். எங்கள் சி.எஸ்.ஐ. தெருவில் பைபிளைத் தூக்கிப் பிடித்து, உயர்த்திக் கட்டுவோம் என்றார்.

"இன்னா தலைவரே, இடிப்பீங்களா, கட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"இடிச்சா உங்க தெரு போயிடும், கட்டினா அவங்க தெரு போயிடும். சொல்லிக்கினே இருந்தா ரெண்டும் நம்ம கையில கீது" என்று சிரித்தபடி, மடித்த தாளிலிருந்து விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

அவரை மட்டும் திட்டி என்ன? இரண்டு தெருவும் அவர் சின்னத்தில்தான் குத்தியது. இடிப்பேன் என்று இரண்டு தெருவிலும் ஒரே வார்த்தை சொன்ன சுயேச்சைக்கு டெபாசிட் காலி.