ஓட்டை விழுந்த கீரை

போன புதன்கிழமை காலை, கீரைக்கார தேவகி அக்கா என்னைப் பார்த்ததும் மொபெட்டை நிறுத்தி, தனியாக வைத்திருந்த ஒரு பையை எடுத்தார்.

"இந்தாமா, உனுக்குன்னே எடுத்து வெச்சிகினு வந்தேன். எல்லாம் புழு தின்னது."

சேரப்பணஞ்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறவர். மற்றவர்கள் ஓட்டையில்லாத கட்டாகப் பொறுக்குவார்கள். நான் ஓட்டை விழுந்ததைத் தேடுவேன். புழு தின்றிருந்தால் மருந்து அடிக்காத கீரை... எங்கேயோ படித்தேன். நீங்களும் படித்திருப்பீர்கள்.

காரணம் என் மகள். இரண்டரை வயது. மூன்று மாதம் முன்பு ரத்தத்தில் இரும்புச்சத்து லேசாகக் குறைவு என்றார் டாக்டர். "சாப்பாட்டைக் கவனிங்க, அப்புறம் மருந்து பார்க்கலாம்." கவனித்தேன். தினமும் மணத்தக்காளிக் கீரை. அடுத்த பரிசோதனையில் ஏறவில்லை. கீரையை இரண்டு வேளை ஆக்கினேன். அந்தச் சனிக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

"மருந்து அடிக்காததுதானே அக்கா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"ஓட்டைய பாத்துட்டுதானேமா மருந்தே அடிப்பாங்க? அடிச்சா புழு சாவும். ஓட்டை இன்னா, மூடிக்கவா போவுது?"

மூன்று மாதமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மாடிப்படியில் சிரிப்புச் சத்தம். இசக்கி. மாடி அறையில் மூன்று தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். தென்காசிப் பக்கம். படித்தது விவசாயம், வேலை ஒரகடத்தில், கார் உதிரிபாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

"நான் காலேஜ்ல புழு வளத்தவக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

கேட்டேன். கடைசி வருடத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை அதுதானாம். ஒரு கூண்டில் சாதாரணக் காற்று. இன்னொன்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுதல் — உலகம் போகிற போக்கில் நாளைக்கு எப்படி இருக்குமோ, அப்படி. இரண்டிலும் செடி, இரண்டிலும் புழு.

"கூடுதல் காத்துல செடி தளதளன்னு வந்துச்சு. பாத்தா ஆசையா இருக்கும். ஆனா இலையில புரதம் கொறைஞ்சு போச்சு. புழு என்ன செய்யும், பாவம்? அதே இலையைக் கூடக் கூடத் தின்னுச்சு. தின்னும் எடை ஏறல."

"தின்னும் ஏறலையா?"

"எங்க கம்பெனி லைன்ல ஓவர்டைம் பாக்குத மாரிதான். வேலை கூட, ஒடம்புல ஒட்டாது."

தேவகி அக்கா மொபெட்டில் சாய்ந்துகொண்டு கேட்டார். "அப்போ எங்க தோட்டத்தாண்ட போற இந்த லாரி புகையாலதான் என் கீரை ஓட்டையாவுதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. உங்க தோட்டத்துல நான் எதையும் அளந்து பாக்கல. அந்தக் காத்து இந்த ரோட்டோட நிக்காது, உலகம் பூராவும் பரவும். எல்லாச் செடியும் ஒண்ணுபோல மாறவும் செய்யாது."

படித்தவள் அளந்துதான் பேசுகிறாள். நான்தான் அளக்காமல் பயந்தேன். பச்சையாகத் தெரிவதெல்லாம் சத்து இல்லையா? மூன்று மாதமாக நான் ஊட்டியது என்ன?

"அக்கா, கீரை நல்லதுதான். கீரையைச் சந்தேகப்படாதிய. பாப்பா புழு இல்லைலா?" என்று சொல்லிவிட்டு இசக்கி தூங்கப் போனாள்.

சனிக்கிழமை. மகள் அழுதாள், ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் அதே எண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"என்ன குடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"கீரை."

"அப்புறம்?"

"கீரைதான் டாக்டர்... ஏறலைன்னு ரெண்டு வேளையாக்கினேன்."

அவர் பேனாவை எடுத்து சிரப் எழுதினார். பருப்பு, முட்டை, ஈரல், கூடவே இரும்பு உடம்பில் சேர கொஞ்சம் எலுமிச்சை என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்று பலிக்கவில்லை என்றால் அதையே இரண்டு மடங்காகச் செய்கிறோம். அதற்குப் பொறுப்பு என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

கூண்டுப் புழுவுக்கு வேறு இலை கிடையாது. என் வீட்டுக்கு நேர் எதிரே முட்டைக் கடை.