உப்பில்லாப் பத்தியம்

எனக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் ஒரே ஒரு ஆளை நம்பவைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கால் ஒடிந்திருந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டாவது பார்த்திருப்பார்கள். எனக்கு வந்தது அப்படி மரியாதையான நோய் இல்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது பாதி சோம்பேறித்தனமாகவும் பாதி திருட்டுத்தனமாகவும் தெரிந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பி நெல் விதைக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து தொண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். என் மாமியார் பெண் பார்க்க வந்தபோது என் நிறத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழ நிறத்தில் மருமகள் வருகிறாள் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போனதும் முதலில் அந்த நிறம்தான்.

முகம் கறுத்தபோது கடல் காற்று, வெயில் என்றார்கள். சரி என்று இருந்துவிட்டேன். பிறகு விரல் முட்டிகள் கறுத்தன, முழங்கை கறுத்தது. மணிக்கட்டில் சின்ன வயதில் கஞ்சி கொட்டிய தழும்பு ஒன்று உண்டு, அது அட்டைக் கறுப்பாக மாறியது. உள்ளங்கை ரேகையெல்லாம் பேனாவால் கோடு இழுத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளங்கையில் எப்படி அத்தை வெயில் படும் என்று கேட்டேன்.

"எதுத்துப் பேச மட்டும் தெம்பு இருக்குல்ல" என்றார்.

தெம்பு இல்லை என்பதுதான் விஷயமே. கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். உட்கார்ந்தால் சோம்பேறி, உட்காராவிட்டால் குடத்தோடு விழுவேன். இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் குடம் நெளிந்ததைப் பற்றித்தான் பேச்சு.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு உப்பு வேண்டியிருந்தது. ருசிக்காக இல்லை, தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமே, அப்படி வேண்டியிருந்தது. ஊறுகாய் ஜாடியில் ஊறிக் கிடக்கும் நீரைக் கரண்டியால் அள்ளிக் குடிப்பேன். கருவாட்டைக் கழுவுவதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வேன். அப்புறம் வாந்தி. வாந்தியும் உப்பு ஆசையும் சேர்ந்ததும் அத்தைக்கு ஒரே சந்தோஷம், மசக்கை என்று முடிவு கட்டிவிட்டார். என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்திருந்தும் யாரும் ஒன்றும் சொல்லாத காலம் என்றால் அந்த இரண்டு மாதம்தான். பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ஏதோ நான் வேண்டுமென்றே ஏமாற்றியது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அடுப்படியில் உப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, நீ என்ன மாடா, உப்பை நக்குறதுக்கு? இதைத் தின்னுதான் கரிக்கட்டையா ஆயிருக்க" என்றார் அத்தை.

மறுநாளே வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். உப்பு ரத்தத்தில் ஏறி ரத்தம் கறுத்துவிட்டது என்றார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு கல் உப்புகூடச் சேர்க்காமல் பத்தியச் சோறு. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மனித உடம்புப் படத்தை மாட்டிவைத்து இது இருதயம், இது சிறுநீரகம் என்று பிரம்பால் தொட்டுக் காட்டுகிற மனுஷன்.

"அம்மா சொல்றதையும் கேட்டுத்தான் பாரேன்" என்றார் அவர்.

உப்புச் சட்டி பரணுக்குப் போனது. ஏணி வைத்து ஏற எனக்குத் தெம்பில்லை என்று அத்தைக்குத் தெரியும். அதையாவது நம்பினாரே என்று இருந்தது.

பத்து நாளில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பிறை தெரிந்து நோன்பு மாதம் பிறந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து நானும் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். அதிகம் பேச மாட்டார். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்ததும் எங்களுக்கும் ஒரு பங்கு சுவருக்கு மேலே வரும். வருஷா வருஷம் வருவதுதான். அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டியும், நோயாளிக்கென்று எனக்குத் தனியாக ஒரு செம்புமாக வந்தது.

பத்தியம் என்ன ஆவது? அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலுக்குப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்துப் பிழைக்கவைத்தவர் அவர்.

"ஓதுன கஞ்சி மருந்து. அதைக் குடிச்சா பத்தியம் முறியாது. வேண்டாம்னு சொன்னாத்தான் குத்தம்" என்று அவரே செம்பை என் கையில் கொடுத்தார்.

குடித்தேன். குடித்து அரைமணி நேரத்தில் சுவரை விட்டுவிட்டு நின்றேன். தினமும் இதே கதைதான். காலையிலிருந்து துணிமூட்டையாகக் கிடப்பேன், கஞ்சி குடித்ததும் எழுந்து வாசல் வரை போவேன். செம்பில் விரலை விட்டு வழித்து நக்குவேன், வெட்கமே கிடையாது. வைத்தியர் மருந்து வேலை செய்கிறது, ஓதின கஞ்சி கூட நின்று தாங்குகிறது என்று அத்தை தெருவுக்கெல்லாம் சொன்னார். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பெருநாளோடு கஞ்சி நின்றது. பெருநாளன்று வந்த பிரியாணியைப் பத்தியக்காரிக்கு ஆகாது என்று அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டார்கள். நாலாம் நாள் எழுந்து நடக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை.

"அத்தை, ஒரே ஒரு கல்லு உப்பு குடுங்க. செத்துருவேன் போலருக்கு" என்று கேட்டேன்.

"இம்புட்டு நாளு இருந்துட்ட, இன்னும் மூணு நாளு. இப்பப் போயி கெடுத்துக்கிறாத" என்றார். என் தலையைத் தடவிக்கொடுத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவில்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மறுநாள் காலை அடுப்படியில் விழுந்தவள் எழவில்லை. பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு ராத்தா வந்துவிட்டார். காதில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணைத்தான் திறக்க முடியவில்லை. "வாத்தியாரே, சாகவிடப் போறீகளா? ராம்நாட்டு பஸ்ஸு நிக்குது, தூக்குங்க" என்று அவர் என் வீட்டுக்காரரை அதட்டினார். அந்த மனுஷனும் அன்றைக்குத்தான் அம்மா முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்தார்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கட்டிக் காற்றடித்து, அழுத்தம் பிடிபடாமல் மறுபடி அடித்து, குளுக்கோஸ் ஏற்றி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. ஒன்றரை வருடமாக என் கறுப்பைப் பற்றிப் பேசாத வாய் இல்லை, என் வாயைத் திறந்து பார்த்த ஆளும் இல்லை.

"எந்திரிச்சா கண்ணை இருட்டுமே? உப்பு திங்கணும் திங்கணும்னு இருக்குமே?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். பதில் சொல்லாமல் அழுகிறேனே என்று என் வீட்டுக்காரர் அவசரமாக, "ஆமா சார், திருடித் திம்பா" என்றார். அடுத்த கேள்வி, சின்ன வயதில் நாள்பட்ட இருமல் உண்டா. உண்டு, பத்து வயதில் ஒரு வருடம் இருமிக்கொண்டே கிடந்தேன்.

டாக்டர் ஒரு தாளில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குல்லாய் வரைந்தார். அந்தக் குல்லாய்தான் அட்ரீனல் சுரப்பி. அதன் வெளிப் பகுதியில் ஊறுகிற சில ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. ஒன்று, உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் உடம்பில் பிடித்துவைக்கிறது. உப்பு நின்றால்தான் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால்தான் ரத்தத்துக்கு அழுத்தம். இன்னொன்று, பட்டினியோ காய்ச்சலோ வந்தால் உடம்பு தாங்குகிற மாதிரி சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது. குல்லாயின் உள்பகுதியில் ஊறுகிற ஹார்மோனால்தான் பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஓடக் காலுக்குத் தெம்பு வருகிறது. எனக்குப் பழைய காசநோய்க் கிருமி இருமலோடு போகாமல் அங்கே போய் உட்கார்ந்து இரண்டு குல்லாயையும் தின்றுவிட்டது.

கறுப்பு எதற்கு என்று கேட்டேன். தலைக்குள் இருக்கும் இன்னொரு சுரப்பி, அட்ரீனல் வேலை செய்யவில்லை என்று தெரிந்து ஏவிக்கொண்டே இருக்குமாம். அந்த ஏவல் ரத்தத்தில் நிரம்பித் தோலையும் கறுக்க வைக்குமாம். எழ முடியாமல் கிடக்கிறதை நாள் முழுக்க வேலை ஏவுகிற ஆள் என் தலைக்குள்ளேயும் ஒன்று இருந்திருக்கிறது.

"உப்பை நீங்க திருடலை. உங்க ஒடம்பு கேட்டிருக்கு" என்றார் டாக்டர். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இத்தனை நாள் உப்பில்லாமல் எப்படித் தாங்கினேன் என்று கேட்டார். நோன்புக் கஞ்சி என்றேன். ஒரு செம்புக் கஞ்சியில் எவ்வளவு உப்பு இருந்துவிடும், அது போதாதே என்றார். அவருக்கும் விளங்கவில்லை.

அந்தச் சுரப்பி கொடுக்காததைக் கொடுக்கிற கார்டிசோன் மாத்திரையோடு ஊருக்கு வந்தேன். ஆயுசுக்கும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட வேண்டும், உப்பும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். சட்டி பரணிலிருந்து இறங்கியது. நிறம் மெல்ல வெளிறியது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் படத்தில் சிறுநீரகத்துக்கு மேலே பென்சிலால் இரண்டு குல்லாய் வரைந்துவிட்டு வந்து, பெரிய பிராயச்சித்தம் செய்தவர் போல என்னிடம் சொன்னார். அத்தையோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எனக்கு அப்பவே தெரியும், அவளுக்கு உப்புதான் பத்தலைன்னு" என்று ஆரம்பித்துவிட்டார். தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

ஒரு நாள் பின்சுவரோரம் நின்று மதுரைக் கதையை ராத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அத்தை மீன் அரிந்துகொண்டிருந்தார். கஞ்சியில் இருக்கிற உப்பு போதாதே என்று டாக்டர் கேட்டதையும் சொன்னேன். ராத்தா சுவருக்குக் கிட்டே வந்தார்.

"பள்ளிவாசக் கஞ்சி எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதாம்மா. ரெண்டாம் நாளுலேருந்து ஒஞ் செம்புல மட்டும் தெனமும் ஒரு குத்து உப்பு அள்ளிப் போட்டேன். எங்க வீட்டு ஆளுக வாயில வைக்க முடியாது. நீ மடமடன்னு குடிச்ச."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் ராத்தா?"

"மொத நாளு செம்பை வழிச்சு வெரலை நக்குனியே, பாத்தேன். நல்லா இருக்குற பொம்பளை அப்படி நக்க மாட்டா."

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. முப்பது நாள் கஞ்சி ஊற்றினவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெருநாளுக்குப் பிறகு சாகக் கிடந்திருக்க மாட்டேனே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா கஞ்சியும் நின்னுருக்கும்" என்று ராத்தா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

மீன் அரிகிற சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரிய ஆரம்பித்தார். எனக்கு அப்பவே தெரியும் என்று அத்தை அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.