அக்கரை வீட்டில் பருப்புச் சோறு

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் இலங்கைக்குச் சுற்றுலா போனோம். ராமேஸ்வரத்தில் குடியிருந்துகொண்டு இலங்கையை வெளிநாடு என்று சொல்லவே எனக்குச் சிரிப்பு வரும். தனுஷ்கோடி முனையில் போய் நின்றாலே அந்த நாட்டு செல்போன் கம்பெனி நம் போனுக்கு நல்வரவு சொல்லி மெசேஜ் அனுப்பிவிடும். ஆனால் நேரில் போக வேண்டுமென்றால் மதுரைக்குக் கார், கொழும்புக்கு விமானம், அங்கிருந்து மன்னாருக்கு ரயில் என்று தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும்.

எனக்குப் பிறந்த ஊர் நயினார்கோவில் பக்கம். நெல்லும் மிளகாயும் தெரியும், கடல் தெரியாது. கல்யாணமாகி வந்த பிறகுதான் மீனும் ஐஸும் டீசலும் என் பாடாயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. அவர் கடலுக்குப் போவதில்லை. டிரைவரும் ஆட்களும் போவார்கள். எங்கள் ஊரில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும், மறுநாள் விடியும்போது திரும்பும். அந்த மூன்று நாளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாமே நடக்கும். கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூட முகூர்த்தத்தைப் பார்த்து அல்ல, போட் போகிற நாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

கொழும்பில் அவருடைய பெரியம்மா மகள் இருக்கிறார். அந்த மதினி வீட்டில் ஒரு வாரம் ராஜ உபசாரம். காலிமுகத்திடலில் வடைக்கு மேல் முழு இறாலை உட்காரவைத்து விற்கிறார்கள். "நாம பொத்திப் பொத்தி ஏத்துமதி பண்றத இவுக வடை மேல ஒட்டி விக்கிறாகளே" என்று வியந்துகொண்டே இவர் நான்கு வடை தின்றார். எனக்கு எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணியிடம் அவர் சமையலில் மாசிக்கருவாட்டை எந்த நேரத்தில் போடுவார் என்று கேட்டு இவரிடம் முறைப்பு வாங்கினேன்.

ஆனால் நான் ஆசைப்பட்டுப் போனது மன்னாருக்குத்தான். என்னைப் பெற்ற அய்யாவுக்கு மண்டபத்தில் வேலை என்பதால் நான் பள்ளிக்கூடம் படித்தது அங்கே. அப்போது அகதி முகாமிலிருந்து வந்து என் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி. பிளஸ் டூ வரை நகமும் சதையுமாக இருந்தோம். யுத்தம் முடிந்தபின் அவள் ஊருக்குத் திரும்பி, மீன்பிடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, தலைமன்னார் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். வாட்ஸ்அப் வந்த பிறகு தினமும் பேச்சுதான்.

நாங்கள் வருகிறோம் என்றதும் துள்ளிக் குதித்தவள், கிளம்புவதற்கு முதல் நாள் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் கதைக்கலாம். அவருக்கு முன்னால போட் விஷயம் மட்டும் வாயே திறக்காதேங்கோ" என்றாள். ஏன் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் படகுகள் எல்லை தாண்டுவதும், அவர்கள் நேவி பிடிப்பதும், இரு பக்கமும் சண்டையும் பேப்பரில் படிப்பதுதானே. எங்கள் வீட்டில் அது போட் திரும்புமா என்ற பயமாக மட்டும்தான் வந்து நிற்கும். கேட்டால் ஐஸ் வியாபாரம் என்று சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

மன்னார் ரோடெல்லாம் கழுதைகள் ராஜநடை போடுகின்றன. யானைக்கால் மாதிரி பருத்த ஒரு பெருக்கமரத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் நாங்கள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து இரண்டு வீட்டுக்காரர்களும் தர்மசங்கடமாகச் சிரித்தார்கள். அவள் கணவர் அதிகம் பேசாதவர். ஆனால் "வாங்கோ அண்ணை, இது உங்கட வீடு" என்று அவர் சொன்னது வாய்வார்த்தை இல்லை. தங்கள் கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் கீழே பாயில் படுத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பாரை மீன் சொதி, பொரியல் என்று தட்டு நிறைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து உட்கார்ந்தால் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். திங்கட்கிழமை மறுபடி மீன். செவ்வாய் பருப்பு. கடல் வாசலில் கிடக்கிறது, வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர், விருந்தாளி வந்திருக்கிறோம், ஒருநாள் விட்டு ஒருநாள் பருப்பு ஏன் என்று என் மண்டை குடைய ஆரம்பித்தது. விரதமா என்று கேட்டேன். "ஏன், பருப்பு இறங்காதோ உனக்கு?" என்று சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான்கு பேரும் கரைக்கு நடந்தோம். குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது கடல். படகுகள் எல்லாம் மணலில் ஏறி நின்றன. ஆண்கள் நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அண்ணே, கடல் இம்புட்டு அமைதியா இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்கு ஏன் யாரும் வலை எடுத்து வைக்கல?" என்று அவள் கணவரிடம் கேட்டேன்.

"இண்டைக்குப் புதன். அக்கரை றோலர் வாற நாள்" என்றார் அவர், இன்றைக்கு அமாவாசை என்று சொல்வதுபோல.

விசைப்படகை அவர்கள் றோலர் என்கிறார்கள். அவரே மெதுவாக விளக்கினார். இவர்கள் இரவில் வலையைக் கடலில் விரித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள். றோலர், கடலடியைத் துழாவுகிற அடிமடி வலையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தால் இவர்கள் வலையும் அதோடு போய்விடும். இரண்டு தரம் அவருக்குப் போயிருக்கிறது. இரண்டாவது தரம் போனபோது ஒரு வருடம் கூலிக்குப் போய்த்தான் புது வலை கட்டியிருக்கிறார். அதனால் திங்கள், புதன், சனி ராத்திரிகளில் அந்தக் கரையில் ஒருவரும் வலை விடுவதில்லை. மறுநாள் வீட்டில் மீன் இருக்காது.

திங்கள், புதன், சனி. எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் நான் வட்டம் போடுகிற அதே நாட்கள். என் தோழி என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு வர மாட்டாக. எங்க ஊர்ல நேத்தே ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாச்சு. இறால் வெலய ரொம்பக் கொறச்சுப்புட்டாக, அதான். தைரியமா வலை விடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காலையில் டிரைவர் போனில் சொன்ன செய்தி அது. அதைக் கேட்டு, போட் நிற்கிறதே என்று காலையிலிருந்து உர்ரென்று இருந்த மனிதர், ஒரு நல்ல ராத்திரி வீணாகிறதே என்ற தாங்கமாட்டாமையில் உளறிவிட்டார்.

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார் அவள் கணவர்.

ஐஸ் வியாபாரம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நானும் நினைத்தேன். என் வீட்டுக்காரரோ, "எனக்கும் ஒரு போட் இருக்கு" என்றார்.

அவள் கணவர் தனியாகக் கரையோடு நடந்து போனார். தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். வெளியே போ என்று அவர் சொல்வதற்கு முன்னால் நாமாகக் கிளம்பிவிட்டால் அவளுக்காவது சங்கடம் குறையும் என்று நினைத்தேன். முப்பது வருடச் சிநேகம் என் வீட்டுக்காரரின் ஒரு வாய்ப்பேச்சில் முடிந்துவிட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது.

வெயில் தாழும்போது அவள் கணவர் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். "உண்மையாய் வர மாட்டாங்களோ?" என்று வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எங்க ஊரு வராது. மத்த ஊரக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் இவர். பிறகு போனை எடுத்துத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். மண்டபத்தில் கேட்டார், மற்ற துறைகளில் கேட்டார். "ஏலே, சும்மா கேக்கலடா, சத்தியமாச் சொல்லு. ஒரு போட்டாவது களவாப் போகுதா?" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு எதிர்முனையில் இருந்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அவள் கணவர் எதிரில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தத் துறையிலிருந்தும் போட் போகவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள்.

வலையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பியபோது அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். றோலர்காரன் பேச்சைக் கேட்டா போகிறாய் என்று ஒருவர் எங்கள் காதுபடவே கேட்டார். அந்தக் கரையிலிருந்து அன்றைக்குப் போனது அவர் படகு ஒன்றுதான். இரவெல்லாம் என் வீட்டுக்காரர் புரண்டுகொண்டே கிடந்தார். அவருடைய சொந்தப் படகு புயலில் மாட்டியபோதுகூட அப்படித் தூங்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

காலையில் பாதிக் கிராமம் கரையில் நின்றது. படகு வந்தது. வலை ஒரு கிழிசல் இல்லாமல் முழுசாக வந்தது, மீனும் நல்ல பாடு. படகை மேலே இழுக்க எல்லோரும் கை கொடுத்தபோது என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தார். படகை இழுக்கக் கை கொடுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. அவள் கணவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு பெரிய விளைமீனை எடுத்து இவர் கையில் வைத்தார்.

வைத்துவிட்டுச் சொன்னார்: "இண்டைக்குச் சொல்லிப்போட்டீங்கள் அண்ணை, நல்லது. மற்ற நாளைக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

கோபமே இல்லாமல், அறிந்துகொள்ளத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் அந்த மீனைக் கொண்டுபோய் என் தோழியிடம் கொடுத்தார். அன்றைக்கு வியாழக்கிழமை. அந்த வீட்டில் வியாழக்கிழமை மீன் கொதித்தது. நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. ஸ்டேஷனுக்கு இருவரும் வந்து வழியனுப்பினார்கள். தோழி என் கையை விடவே இல்லை. அவர் அடுத்த வருடமும் வரச் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் டிரைவரிடம் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிப் பார்த்தார். "அங்கன போகலன்னா டீசலுக்கே கட்டாது முதலாளி" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. சில நாள் டிரைவர் அந்தப் பேச்சைக் கேட்கிறார், சில நாள் கேட்பதில்லை. போட்டை விற்றுவிட்டோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், விற்கவில்லை. புதன்கிழமை போட் கிளம்பும் சத்தம் கேட்டால் மறுநாள் பருப்பு வேகப்போகிற ஓர் அடுப்பு என் கண்ணில் வந்து நிற்கிறது.

இப்போதும் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் தெருவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. வரவு போயிற்றே என்று நானும்தான் புலம்புகிறேன். ஆனால் இன்று ராத்திரி அவர்கள் வலை பயமில்லாமல் கடலில் கிடக்கும் என்று நெஞ்சில் ஒரு மூலை குளிர்ந்துபோகிறது. எங்கள் வீட்டு நஷ்டத்தில் சந்தோஷப்படுகிற அந்த மூலையைப் பற்றி நான் இதுவரை பக்கத்து வீட்டில்கூடச் சொன்னதில்லை.