வெள்ளிக்கிழமைத் திருடன்

கடலூர் முதுநகரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன் நான், ஞானசேகரன். அது போக, வெள்ளிக்கிழமைதோறும் போலீசுக்குத் திருடன் சப்ளை. எல்லாம் என் மனைவி ராஜாமணிக்காக.

2004-ல் அவள் சிதம்பரத்தில் சப்-இன்ஸ்பெக்டர். தேர்க்கூட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அஞ்சல் வழிச் சட்டப்பாடம் படிப்பாள். இன்ஸ்பெக்டர் ஆனதும், ஊரெல்லாம் நல்ல ஸ்டேஷன் கேட்டு முட்டி மோத, இவள் மட்டும் கடலூரில் காவலர் பயிற்சிப் பள்ளியைக் கேட்டு வாங்கினாள்.

"ஸ்டேஷனுக்கு வந்தப்புறம் அடிக்காதன்னா எவனும் கேக்க மாட்டான். வர்றதுக்கு முன்னாடியே சொல்லிக்குடுக்கணுங்க" என்றாள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மேலிடம் ஒரு கொக்கி போட்டது: கொஞ்ச நாள் பார்ப்பார்கள், சரிப்படாவிட்டால் திரும்ப ஸ்டேஷன்தான்.

கைது செய்யும் முறையைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம்தான் வரும் என்று, வாராவாரம் நான் கூட்டி வரும் புது ஆளைத் திருடனாகப் பள்ளி வாசலில் நிற்க வைத்துப் பிடிக்கச் சொல்வாள். முதல் திருடன் நான். "நான் எம்.எல்.ஏ. மச்சான் தெரியுமா?" என்று மீசையை முறுக்கினேன். பயிற்சிக்கு வந்த பெண்கள் பயந்துபோய் விட்டுவிட்டார்கள்.

ராஜாமணி ஆடித் தீர்த்துவிட்டாள். "மாட்டுனவன் எல்லாம் எவனுக்காவது மச்சான்தான்! யாரா இருந்தாலும் உக்கார வை, காரணத்த சொல்லு, வீட்டுக்குத் தகவல் குடு. மேல மட்டும் கை வைக்காத!"

2011-ல் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைய திருடன் ராஜாமணியின் அண்ணன் தமிழ்மணி. பெண்களுக்குச் சொல்லியிருந்த அடையாளம் வெள்ளைச் சட்டை. அவரை ஏற்றிக்கொண்டு போன என் மொபெட் வழியிலேயே பஞ்சர். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சட்டைக்காரரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"மச்சான், அது யாரு?" என்றார் தமிழ்மணி.

அவர் டி.ஐ.ஜி. ராஜாமணியின் வகுப்பு எப்படி என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் மஃப்டியில் வந்தவர். "நான் டி.ஐ.ஜி.ம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைய பாடத்தின்படி, சைக்கிள் திருடியதற்காகக் கைது என்று விளக்கி, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கும் போன் போட்டாயிற்று. அவர் மனைவி இதுவும் ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்து, "சுகர் மாத்திர சட்டப் பையில இருக்கும், மறக்காம குடுத்துடும்மா" என்றாராம். சிந்துஜா என்ற பெண் அதையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

சத்தம் கேட்டு ராஜாமணி வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவரைப் பார்த்து விறைத்து சல்யூட் அடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு, திரும்ப ஸ்டேஷன்தான் என்று நினைத்தேன்.

டி.ஐ.ஜி. சிந்துஜாவைப் பார்த்தார். "நான்தான் யாருன்னு சொன்னேனே, ஏன் விடல?"

அவள் சொன்னாள். "நீங்க நெசமாவே டி.ஐ.ஜி.யா இருந்தா, முறைப்படி செஞ்சதுக்குக் கோச்சுக்க மாட்டீங்க சார். திருடனா இருந்தா விட்டது தப்பாயிடும்."

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. எழுந்து ராஜாமணியிடம் வந்தார். "சர்வீஸ்ல எத்தனையோ பேரப் புடிச்சிருக்கேன். ஒருத்தனுக்கும் மாத்திர குடுத்ததில்லம்மா. நீங்க இங்கயே இருங்க."

அவர் ஜீப் கிளம்பியதும் ராஜாமணி ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டாள். சீருடையில் கணவனைக் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.