நோகாத இடம்

ஆண்டு நான்கிலே புஸ்பராணி ரீச்சருக்கு மிகவும் பிடித்த பாடம் ஐம்புலன் பாடம். அதை அவர் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பித்ததே இல்லை. அந்தப் பாடம் வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பையொன்றைத் தூக்கிக்கொண்டு போவார். சீலைத் துண்டுகளில் முடிந்த கருவாடு, கோப்பித் தூள், கற்பூரம், பயறு போட்டுக் குலுக்கும் தகர ரின், ஒரு துண்டு பாகற்காய், ஒரு கோழியிறகு எல்லாம் அதற்குள் இருக்கும். பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு முடிச்சுகளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். "கருவாடு!" என்று வகுப்பே கத்தும். இடையில் துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால், "இப்ப ஆருக்கு எந்தப் புலன் வேலை செய்தது?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அவர் பிறந்தது கப்பல்துறைக் கிராமத்தில். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, அகதி முகாமிலிருந்தே உயர்தரம் படித்து முடித்தவர். பிறகு பல வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்துதான் நிரந்தர நியமனம் கிடைத்தது. அன்புவழிபுரத்தில் சிறிய வீடு. கணவர் இராசதுரைக்கு ரவுணில் இரும்புக் கடையொன்றில் வேலை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ரீச்சர் யாரிடமும் கதைப்பதும் இல்லை.

அந்த வருடம் தொடுகைப் பாடத்தை அவர் இப்படித்தான் தொடங்கினார்.

"தோலால உணருறம் எண்டு சொல்லுறம். ஆனால் தோல் தனிய ஒண்டும் செய்யாது. அதுக்குள்ள நரம்பு இருக்கு. இறகு பட்டவுடன நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளைக்குச் செய்தி போனால்தான் பட்டது எங்களுக்குத் தெரியும். ஒராள் கண்ணை மூடுங்கோ. மற்றவர் இறகால கையில தொடுங்கோ. எங்க தொட்டது எண்டு காட்டவேணும், சரியோ?"

பிள்ளைகள் இருந்த வாங்குகளில் ஒவ்வொன்றாக இறகு போனது. மூன்றாவது வாங்கில் கௌசிகா இருந்தாள். அதிகம் கதைக்காத பிள்ளை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த சிவரூபன் திடீரென்று எழும்பினான்.

"ரீச்சர், இவள் பொய் சொல்லுறாள். தொட்டாலும் தொடேல்லை எண்டுறாள்."

"நான் பொய் சொல்லேல்லை. இவன் தொடவே இல்லை," என்றாள் கௌசிகா.

ரீச்சர் இறகை வாங்கினார். கௌசிகா கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. ரீச்சர் அதைப் பலமுறை கண்டிருக்கிறார். தேமல் என்று நினைத்து விட்டிருந்தார். வட்டத்துக்கு மேலே தொட்டார். கௌசிகா உடனே விரலை வைத்துக் காட்டினாள். வட்டத்துக்குள் தொட்டார். பிள்ளை பேசாமல் இருந்தாள். திரும்பவும் தொட்டார். பென்சில் முனையை மெல்ல வைத்து அழுத்தினார்.

"எப்ப ரீச்சர் தொடுவீங்கள்?" என்று கேட்டாள் கௌசிகா.

வகுப்பு முழுக்க வாங்கைச் சுற்றி நின்றது. "நானும் ஒருக்கால், நானும் ஒருக்கால்" என்று பிள்ளைகள் கையை நீட்டினார்கள். கௌசிகா கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தாள். இவ்வளவு பேர் தன்னைச் சுற்றி நின்றது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். "எனக்கு நோகாது!" என்று பெருமையாகச் சிரித்தாள்.

"போய் இருங்கோ எல்லாரும்," என்றார் ரீச்சர். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகச் சுவரில் அவர் ஒரு படம் கண்டிருந்தார். வெளிறிய தோல், உணர்ச்சி இல்லாத இடம். அதற்குக் கீழே எழுதியிருந்த நோயின் பெயரும் நினைவிலிருந்தது. பையை மூடி வைத்துவிட்டு, கணக்குக் கொப்பியை எடுக்கச் சொன்னார்.

இடைவேளையில் அவர் நேரே அதிபரிடம் போனார். அதிபர் தனஞ்சயன் கதவைச் சாத்தினார்.

"அந்தச் சொல்லை வாயால சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். நீங்கள் டொக்ரர் இல்லை. தேமல் மாதிரிக் கிடக்கு, தோல் டொக்ரரிட்ட ஒருக்கால் காட்டுங்கோ எண்டு மட்டும் தகப்பனிட்ட சொல்லுங்கோ."

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அவர் வகுப்புக்குத் திரும்பியபோது காரியம் கைமீறியிருந்தது. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கௌசிகா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தி தன் சட்டையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி அந்த வட்டத்துக்குள் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டத்தில் சின்னச் சின்னதாய் இரத்தம் பொட்டுப் பொட்டாய் நின்றது. கௌசிகா சிரித்துக்கொண்டே நின்றாள்.

ரீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கினார். காயத்தைக் கழுவி மருந்து போட்டார். பிள்ளை அழவில்லை. ரீச்சர்தான் அழுதார்.

பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பன் சுகிர்தன் வந்தான். ரவுணுக்கும் சீனன்குடாவுக்கும் இடையில் ஓட்டோ ஓடுபவன். பிள்ளையின் கையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"என்ன இது?"

"பிள்ளையள் விளையாட்டில செய்துபோட்டினம். அது என்ர பிழைதான், நான் பாத்திருக்கவேணும். ஆனால் இன்னொரு விசயம் தம்பி. இந்த இடத்தில பிள்ளைக்கு உணர்ச்சி இல்லை. தோல் டொக்ரரிட்ட கெதியா..."

"உணர்ச்சி இருக்கோ இல்லையோ எண்டு பாக்க என்ர பிள்ளைக்கு ஊசி குத்தினியளோ? நாங்கள் பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்பினனாங்கள்."

அவர் சொல்ல வந்த எதையும் அவன் கேட்கவில்லை. மறுநாள் கௌசிகா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆனால் கதை மட்டும் வீட்டுக்கு வீடு போய்விட்டது. கௌசிகாவுக்குத் தோல் செத்துப்போச்சாம் என்று தொடங்கியது, குட்டமாம் என்று முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கௌசிகாவின் தாய் பிரியதர்சினி தனியாக ரீச்சர் வீட்டுக்கு வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள். ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"ரீச்சர், அண்டைக்குப் பிள்ளைக்குச் செய்ததை எனக்கும் ஒருக்கால் செய்து பாருங்கோ," என்றாள் பிறகு.

"எதை?"

"இறகால தொட்டுப் பாக்கிறதை."

அவள் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள். இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போயிருந்தது. அதற்குக் கீழே, குதிக்காலுக்குக் கிட்ட, பழைய தீக்காயத் தழும்பு.

"இது என்ன காயம்?"

"அடுப்புக் கொள்ளி பட்டது. சுட்டது தெரியேல்லை ரீச்சர். சீலை எரியுற மணம் வந்தாப் பிறகுதான் குனிஞ்சு பாத்தனான். கௌசிகா அப்ப கைக்குழந்தை."

"அவ்வளவு காலமாவோ? ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"மனுசனிட்ட, எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு எண்டு சொன்னனான். சீனி எண்டால் ஒருத்தரும் ஒண்டும் நினைக்காயினம்."

வீட்டில் இறகு இருக்கவில்லை. ரீச்சர் பஞ்சுத் துண்டொன்றைத் திரித்து எடுத்து வந்து அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கை ஒரு கணம் பின்வாங்கியது. அதை அவள் கண்டுவிடக்கூடாது என்று, "கண்ணை மூடுங்கோ" என்றார். வெளிறிய இடத்தில் தொட்டார். கொஞ்சம் தள்ளித் தொட்டார். குதிக்காலில் தொட்டார்.

"தொடுங்கோவன் ரீச்சர்," என்றாள் அவள், கண்ணை மூடியபடியே.

ரீச்சர் பஞ்சைக் கீழே வைத்தார். பிரியதர்சினி கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப என்னட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கு," என்றாள்.

அவள் போன பிறகு ரீச்சர் அவள் குடித்த கோப்பையில் கொதிதண்ணி ஊற்றினார். கழுவிய பிறகும் அதை மற்றக் கோப்பைகளோடு வைக்க மனம் வரவில்லை. குசினிக்கு வெளியே கல்லில் கவிழ்த்து வைத்தார். கடையிலிருந்து வந்த இராசதுரை, "ஏன் இந்தக் கோப்பை வெளியில கிடக்குது?" என்று கேட்டார். ரீச்சர் குசினிக்குள் போய்விட்டார். முகாமில் இருந்த நாளில், முகாம் பிள்ளைகள் என்று தங்களை வேறு வாங்கில் இருத்திய பள்ளிக்கூடமொன்று அவருக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோப்பை வெளியிலேயே கிடந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாயையும் பிள்ளையையும் ரீச்சரே தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். சுகிர்தன் ஓட்டோ ஓட்டத்துக்குப் போன பிறகு மூவரும் பஸ் ஏறினார்கள். டொக்ரர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். முழங்கையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நரம்பைத் தடவிப் பார்த்தார். தோலில் கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது சொன்னார்:

"தொழுநோய்தான். பயப்பட ஒண்டுமில்லை, மாறும். பிள்ளைக்கு ஆறு மாதம் மருந்துக் குளிசை, உங்களுக்கு ஒரு வருசம். குளிசை தொடங்கினாக் கெதியிலேயே மற்றவைக்குத் தொற்றாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம்."

"உணர்ச்சி திரும்புமோ?" என்று கேட்டாள் பிரியதர்சினி.

"பிள்ளைக்கு அனேகமாத் திரும்பும். வெள்ளனக் கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு." டொக்ரர் அவளுடைய காலைப் பார்த்தார். "உங்களுக்குக் கொஞ்சம் பிந்திட்டுது."

சுகிர்தனுக்கு யார் சொல்வது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கடைசியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் றிப்தி போனார். வீட்டிலுள்ள எல்லாரையும் பரிசோதிக்கவேண்டும் என்பது அவருடைய வேலை. அக்கம்பக்கம் அறியாமல் இருக்க, சீருடை இல்லாமல் சாதாரண சேட் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து போனார்.

"மாந்தீவுக்கு ஏத்துவீங்களோ?" என்பதுதான் சுகிர்தன் கேட்ட முதல் கேள்வி. மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் அந்தத் தீவின் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றி அவன் சின்ன வயதில் கேட்டிருந்தான்.

"அந்தக் காலம் முடிஞ்சுது அண்ணை. வீட்டில இருந்து குளிசை குடிச்சாச் சரி."

சுகிர்தனுக்கு நோய் இருக்கவில்லை. அவன் சண்டை பிடிக்கவில்லை, மனைவியை ஒரு வார்த்தை ஏசவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் சமைத்ததைச் சாப்பிடவில்லை. கடையில் பார்சல் எடுத்து ஓட்டோவுக்குள்ளேயே இருந்து சாப்பிட்டான்.

கௌசிகா பள்ளிக்கூடம் திரும்பினாள். அதற்கு முன் பெற்றோர் கூட்டம் நடந்தது. றிப்தி வந்து விளக்கம் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்து, "என்ர பிள்ளையை அவளுக்குப் பக்கத்தில இருத்தாதேங்கோ ரீச்சர்" என்று இரகசியமாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். மூன்றாவது வாங்கில் கௌசிகா மட்டும் மிஞ்சினாள். கௌசிகாவின் முழங்கை பட்டால் பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடினார்கள். சிவரூபன் அவள் தொட்ட டஸ்டரைக் காலால் தட்டிவிட்டதை ஒருநாள் ரீச்சர் கண்டுவிட்டார். அவன் தோளைப் பிடித்து உலுக்கி, வகுப்பே நடுங்கக் கத்தினார்.

"இது என்ன பழக்கம்? ஆர் உனக்கு இதைப் பழக்கினது?"

அவன் அழத் தொடங்கினான். "நீங்கள்தானே ரீச்சர் தொட்டுப் பாக்கச் சொன்னீங்கள்," என்றான்.

ரீச்சர் கையை எடுத்தார். அன்று முழுக்க அவரால் ஒழுங்காகப் படிப்பிக்க முடியவில்லை. இறகை எல்லாருக்கும் முன்னால் எடுக்காமல் விட்டிருக்கலாம். வட்டத்தைக் கண்ட முதல் நாளிலேயே கேட்டிருக்கலாம். இன்னொரு பக்கம், அன்று அந்த விளையாட்டு நடக்காமல் போயிருந்தால் பிள்ளையின் கையும் தாயின் காலைப் போல ஆகியிருக்கும். இரண்டும் உண்மையாக இருந்தது. அதுதான் அவரை வருத்தியது.

அடுத்த கிழமை சுகிர்தன் வந்து பிள்ளையின் விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கௌசிகாவைக் கந்தளாயில் இருந்த தன் தமக்கை வீட்டில் விட்டான். குளிசை தவறாமல் கொடுப்பதாக அந்த மாமி றிப்தியிடம் ஒப்புக்கொண்டாள். பிரியதர்சினி அன்புவழிபுரத்திலேயே இருந்தாள். குளிசையால் அவள் தோல் கறுத்து வந்தது. சந்தையில் கண்டவர்கள் வெயிலில் நிற்கிறீரோ என்று கேட்டார்கள். "ஓம், வெயில்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காலில் எது பட்டாலும் தெரியாது என்பதால் பின்னேரங்களில் குதிக்காலைத் திருப்பிக் கண்ணால் பார்க்கும்படி கிளினிக்கில் பழக்கியிருந்தார்கள். ரீச்சர் இரண்டொரு தடவை அவளைப் பார்க்கப் போனார். தேத்தண்ணி கொடுத்தாள். ரீச்சர் குடித்தார். முதல் மிடறு மட்டும் கஷ்டமாக இருந்தது.

வருடம் திரும்பியது. ஒருநாள் மழைக்குள் பஸ் நிலையத்தில் கை காட்டி நிறுத்திய ஓட்டோவில் ஏறிய பிறகுதான் ரீச்சர் கண்டார், ஓட்டுவது சுகிர்தன். அவனும் கண்ணாடியில் அவரைக் கண்டான்.

"பிள்ளை எப்பிடித் தம்பி?" என்று கேட்டார் ரீச்சர்.

"குளிசை முடிஞ்சுது. கையில இப்ப நுளம்பு குத்தினாத் தெரியுதாம். போன மாதம் வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டன். வேற பள்ளிக்கூடத்தில சேர்த்திருக்கிறன். அங்க ஒருத்தருக்கும் தெரியாது."

"தாய்?"

"நடக்கிறா. ஒரு கால் கொஞ்சம் இழுக்குது." அவன் முன் கண்ணாடியைத் துடைத்தான். "இப்ப வீட்டிலதான் சாப்பிடுறன்."

ரீச்சர் ஓட்டோவின் மழைச் சீலையை விலக்கி வெளியே பார்த்தார். மழை விட்டபாடில்லை.

"கௌசிகா என்னை நினைக்கிறவளோ?"

"கேக்கிறவள். புஸ்பராணி ரீச்சர் எப்ப வருவா எண்டு."

"வாற ஞாயிற்றுக்கிழமை ஒருக்கால் வந்து பாக்கட்டோ?"

ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது. ரீச்சரின் வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் அவன் பதில் சொன்னான். குரலில் கோபம் இருக்கவில்லை.

"வராதேங்கோ ரீச்சர். நீங்கள் வந்து போனால் சனம் திரும்பவும் கதைக்கத் தொடங்கும்."

"ஓம் தம்பி. விளங்குது," என்றார் ரீச்சர்.

இறங்கிக் குடையை விரித்தார். அவன் ஓட்டோவைத் திருப்புவதற்கு இடம் விட்டு மதிலோரம் ஒதுங்கி நின்றார்.