சீழுக்கு ஒரு வேண்டுதல்

சீழ் வேண்டுமென்று சாமியிடம் கேட்டுக்கொண்ட குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில், குளத்துக்கு அடுத்த தெருவில், அக்கா வீட்டோடு நான் இருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வாய் நீளம், அதனால்தான் ஆகவில்லை என்பாள் அக்கா. அவளுக்கு என்னைவிட நீளம். அவளுக்கு மட்டும் எப்படி ஆயிற்று என்று கேட்டால், "பொண்ணு பாக்க வந்தப்போ நான் வாயைத் திறக்கலைடி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் தலைவலி வந்தது. முதலில் உஷ்ணம் என்று சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டோம். பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி. ஒருநாள் காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றிவிட்டு, "ரெண்டு டம்ளர் தெரியறதுடி, எதுல விடறதுன்னு தெரியலை" என்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண் நரம்பின் முனை வீங்கியிருக்கிறது என்றார். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததுண்டா என்று கேட்டார். மழை வந்தால் இடது காதில் வடியும், இன்றுவரைக்கும் அப்படித்தான் என்றேன்.

"அப்போ ரெண்டுல ஒண்ணும்மா. காதுல இருக்கிற அழற்சி உள்ளே பரவி மூளையில சீழ் கட்டியிருக்கலாம். அப்படின்னா திறந்து வடிச்சுடலாம், பிழைக்க வழி உண்டு. இல்லேன்னா மூளையிலேயே முளைச்ச கட்டி. அதை முழுசா எடுக்க முடியாது. மண்டையைத் திறந்தாத்தான் எதுன்னு தெரியும்."

அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், நேரே கபாலி கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"சீழா இருக்கட்டும்னு வேண்டிண்டேன். சீழா இருந்தா அங்கப்பிரதட்சிணம் பண்றேன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏற்கெனவே உள்ளே இருக்கிறது எதுவோ அதுதானே இருக்கும், அத்திம்பேர்? இன்னிக்கு வேண்டிண்டா மாறிடுமா?"

"போடி இவளே!" என்று அக்கா படுக்கையிலிருந்தே அதட்டினாள். "கபாலத்தைக் கையிலேயே வச்சிண்டிருக்கிறவர் அவர். மண்டையைப் பத்தி அவருக்குத் தெரியாததையா நீ சொல்லப்போறே?"

மறுநாள் அவள் தலையை மழித்தார்கள். எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளாமலே மொட்டை என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சீழ் இல்லை. கட்டிதான். எடுக்க முடிந்தவரை எடுத்து, உள்ளே அழுத்தம் ஏறாமலிருக்க அந்த இடத்து எலும்பைத் திரும்ப வைக்காமல் தோலை மட்டும் தைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார். அத்திம்பேர் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது என்ன சனியன் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். எடுத்த துண்டுகளைச் சாயமேற்றிப் பரிசோதிக்கிற டாக்டரை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப் மக்கர் செய்தால் சரிசெய்து தருபவர். அவரிடம் போய் நின்றேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் நகரவில்லை.

கட்டியின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அளவே ஒவ்வாமல் கன்னாபின்னாவென்று கிடந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவை கட்டியின் ஜாதி இல்லை.

"இதெல்லாம் யார் சார்?"

"அழற்சி இருக்கிற இடத்துக்கு ஓடி வர்ற அணுக்கள். புண்ணு, சீழ் எங்கே இருந்தாலும் இவங்க வந்துடுவாங்க."

"இங்கேதான் சீழே இல்லையே! எதுக்கு வந்தாங்க?"

"அதான் எனக்கும் தெரியலை. கட்டியை எதிர்க்க வந்தாங்களா, கட்டிக்கே ஒத்தாசையா நிக்கிறாங்களா? இல்ல, இவங்க வந்து தங்கினதாலதான் கட்டியே வந்ததா? பல கட்டிகள்ல பார்க்கிறேன். பாடம் நடத்தும்போது இவங்களை விட்டுட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்."

எனக்கு அந்தக் காது ஞாபகம் வந்தது. மழைக்கு மழை வடிந்த காது. அதுதான் இவர்களைக் கூப்பிட்டு வைத்ததோ? கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று ஜட்காவில் திரும்பும்போது லஸ் முனையில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு சைக்கிள்காரர்கள் மோதிக்கொண்டு சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; சுற்றிலும் கும்பல். வண்டிக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"இன்னாம்மா கூட்டம் இது! ரெண்டு பேரு அட்ச்சிக்கினு கீறான், நூறு பேரு நின்னுக்கினு கீறான். எவன் வெலக்க வந்தான், எவன் ஏத்திவுட வந்தான், ஒரு எழவும் புரியல. யோவ், வழி வுடுய்யா!"

நான் அந்தக் கும்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் இதேதான். நிற்பது தெரிகிறது, எதற்காக நிற்கிறார்கள் என்பது தெரியவில்லை.

அந்த வாரமே அக்காவுக்கு ஜுரம். தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற அழற்சியின் லட்சணங்கள் அத்தனையும் அக்காவின் தலையில் இருந்தன. டாக்டரின் முகம் செத்துவிட்டது. தையலைப் பிரித்தார், கிண்ணம் கிண்ணமாகச் சீழ் வந்தது. அந்தக் காலத்தில் சீழை வடித்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து ஏது?

அக்கா பிழைத்தாள்.

பிழைத்தது மட்டுமில்லை. தலைவலி போயிற்று, வாந்தி போயிற்று, கண் நிலைத்தது. டாக்டர் சொன்ன வருஷம் கடந்தது. அடுத்ததும் கடந்தது. காதுக்கு மேலே எலும்பில்லாத இடம் துடிப்பதை முந்தானையால் மூடிக்கொண்டு பழையபடி தெருவையே அதட்டிக்கொண்டிருந்தாள். அத்திம்பேரைத்தான் விடவில்லை.

"சீழ் கேட்டேள், சீழ் வந்துடுத்து. கொஞ்சம் தாமசமா வந்தா என்ன? உருளுங்கோ!"

பருத்த சரீரம் அவருக்கு. ஈர வேஷ்டியோடு பிராகாரத்தில் அவர் உருள, அக்கா பக்கத்திலேயே நடந்துகொண்டு, "இடது பக்கம் போறேள், நேரா, நேரா!" என்று வழிகாட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அப்போதும் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. சீழை விரட்ட வந்த கூட்டம் கட்டியையும் ஒரு கை பார்த்துவிட்டதா? அல்லது கட்டியே மெதுவாக வளர்கிற ரகமா? பரிசோதனை டாக்டரை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வேன். அவர் என்னைக் கண்டாலே, "இன்னும் தெரியலைம்மா" என்று முந்திக்கொள்வார்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் தலைவலி திரும்பி வந்தது. எலும்பில்லாத இடம் புடைத்துக்கொண்டது. கண் இந்த முறை காத்திருக்கவில்லை. தீபாவளிக்குள் பார்வை முழுக்கப் போய்விட்டது. பெரிய டாக்டர் இனித் திறப்பதில் பலனில்லை என்றார்.

"அப்போ சீழை வரவழையுங்கோ!" என்று கத்தினேன். "போன தடவை அதுதானே காப்பாத்தித்து!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சீழ் வந்து பிழைச்ச உங்க அக்காவை நீங்க பார்த்திருக்கீங்க. சீழ் வந்து போனவங்களை நான் பார்த்திருக்கேன்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதையே சொன்னேன். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"அவர் பாவம், உருண்டு உருண்டு இளைச்சுட்டார். இந்தத் தடவை நீ போய் வேண்டிக்கோ."

போனேன். சந்நிதியில் நின்றேன். எதைக் கேட்பது? சீழைக் கேட்டால் அது கொன்றுவிடலாம். வேண்டாமென்றால் கட்டி கொன்றுவிடும். குருக்கள் தீபாராதனை காட்டி முடித்துத் தட்டை நீட்டும்வரை ஒன்றும் கேட்காமல் நின்றேன். கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: அந்தக் கூட்டத்தில் விலக்கிவிட வந்தவன் ஒருத்தனாவது இருக்கட்டும்.

விபூதியோடு திரும்பி வந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பினாள்.

"வேண்டிண்டியா? என்ன கேட்டே?"

சொன்னேன். உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"சாமிகிட்ட போயும் சந்தேகமாத்தான் கேட்டியா? உன்னை வச்சிண்டு என்னடி பண்றது!"

சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள், விபூதிக்காக. நான் நின்றது இந்தப் பக்கம். அவள் கை அந்தப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தது.